தாகக்கோட்டையின் முதல் குடம்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவேன். வைரக்கண்ணு. என் சித்தப்பா மகன். போன வாரம் நிச்சயதார்த்தப் பந்தியில் உங்களுக்கெல்லாம் கோட்டைக் கதை சொன்னானே, அவன்தான். எங்கள் முப்பாட்டன் உத்திராபதி கொத்தனார் கடல் கடந்து போய்க் கோட்டையில் தண்ணித்தொட்டி பூசினாராம், வெள்ளைக்காரத் துரை முதல் தண்ணியைக் குடித்துவிட்டு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அப்படித்தானே சொன்னான்? பொய், சம்பந்தி. அந்தத் துரை முதல் தண்ணியைக் குடிக்கவே இல்லை. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்த உயிரை எடுத்துவிட்டு வெறும் தோலைப் பந்தியில் பரிமாறிவிட்டான்.

நான் மூன்றாம் வகுப்போடு கரணை பிடிக்கப் போனவன். எனக்குப் படிப்பு வராது. ஆனால் என் அப்பா சொன்ன கதையை ஒரு செங்கல் நகராமல் வைத்திருக்கிறேன். எங்கள் பெண்ணை எடுக்கிற வீட்டுக்காரர்கள் நீங்கள், சரியானதைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பாய்க்கப்பல் ஓடின காலம். காரைக்காலுக்குத் தெற்கே மணல்திட்டை என்று ஓர் ஊர். அந்த ஊரில் உத்திராபதி என்று ஒரு கொத்தனார் இருந்தாராம். கோயில் மதில், குளத்துப் படித்துறை, நெல் குதிர், எதுவானாலும் அவர் பூசினால் நகத்தால் கீறினாலும் பெயராதாம். அந்த வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. ஊரில் யாரும் எதையும் கட்டவில்லை. பெண்டாட்டி செங்கமலத்தைக் கூட்டிக்கொண்டு உத்திராபதி கப்பல் ஏறினாராம். கரும்புக் காட்டில் ஐந்து வருஷம் வேலை, அப்புறம் திரும்பி வரலாம் என்று காகிதத்தில் கைநாட்டு.

மூன்று மாதம் கடல். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது மாதம் கப்பலில் வாந்திபேதி வந்துவிட்டது. போக வேண்டிய குவாதலூப்பு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட தீவு, அதன் கரை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இறங்க விடவில்லை. "நோய்க்கப்பல், அந்தச் சின்னத் தீவுக்குக் கொண்டுபோ" என்று கை காட்டிவிட்டார்கள்.

அந்தச் சின்னத் தீவில் ஒரு மலை. மலைமேல் ஒரு கோட்டை.

அந்தக் கோட்டைக்கு ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரன் மரத்தால் கட்டினானாம், இங்கிலீஷ்காரன் வந்து எரித்தானாம். பிரெஞ்சுக்காரன் திரும்ப வந்து கருங்கல்லால் கட்டினானாம். கட்டினான் என்று வாய்தான் சொல்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள்தான் கட்டினார்கள். கடற்கரையிலிருந்து மலை உச்சிவரை ஒவ்வொரு கல்லும் அவர்கள் தலையில் ஏறியது. மலையில் ஊற்று கிடையாது. அதனால் முற்றத்துக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி குடைந்து, கூரையில் விழும் மழையெல்லாம் அதில் சேரும்படி வைத்தார்கள். தொட்டியைக் குடைந்தவனுக்கு அதிலிருந்து ஒரு வாய் கொடுக்கவில்லையாம். "இது சிப்பாய்த் தண்ணி" என்று விரட்டுவார்களாம்.

கோட்டை கட்டி முடித்த பிறகு சண்டையே வரவில்லை. பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி துருப்பிடித்தன. பிறகு அடிமைகளுக்கு விடுதலை வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பூகம்பம் வந்து தொட்டி வெடித்துப்போனது. காவலுக்குப் பன்னிரண்டு சிப்பாயை வைத்துவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்குப் படகில் பீப்பாய்த் தண்ணி வந்தது. வெடித்த தொட்டியை யார் பார்ப்பார்?

இந்தக் கோட்டைக்குள்தான் நம்ம சனம் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நாற்பது நாள் கழிந்து, நோயும் தீர்ந்தால்தான் வெளியே.

முதல் வாரம் படகு தினமும் வந்தது. இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு படகுக்காரர்கள் நோய்க்குப் பயந்து, பீப்பாயைத் தூரத்துப் பாறையில் உருட்டிவிட்டு ஓடினார்களாம். பாதி உடைந்துபோகும். காலையில் ஒரு கொட்டாங்கச்சி தண்ணி, மாலையில் ஒரு கொட்டாங்கச்சி. வாந்திபேதிக்காரனுக்கு அது எந்த மூலைக்கு? நம்ம சனம் அந்த இடத்துக்குத் தாகக்கோட்டை என்று பேர் வைத்தது. கோட்டை பெரியது, குடம் காலி.

செங்கமலத்துக்கும் நோய் வந்துவிட்டது. வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை. உத்திராபதி தன் கொட்டாங்கச்சியையும் அவள் வாயில் ஊற்றினாராம். பத்தவில்லை. நாக்கு காய்ந்த இலை மாதிரி ஒட்டிக்கொண்டு, "ஏங்க, தண்ணி" என்பதைக்கூட அவளால் முழுசாகச் சொல்ல முடியவில்லையாம்.

ஒரு நாள் காலை உத்திராபதி முற்றத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாராம். கிழக்கே மேகம் கட்டுகிறது. காலடியில் பெரிய தொட்டி. மழை வந்தால் என்ன ஆகும்? வெடிப்பு வழியாக எல்லாம் மலைக்குள் போய்விடும். சட்டென்று எழுந்து தொட்டிக்குள் இறங்கினாராம். தட்டிப் பார்த்தாராம், தடவிப் பார்த்தாராம். ஏறி வந்து துபாஷி ராயப்பனைப் பிடித்தாராம். ராயப்பன் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சும் தமிழும் பேசத் தெரிந்தவர், கப்பலோடு வந்தவர்.

"துபாஷியாரே, கொமாந்தான்கிட்ட சொல்லுங்க. இந்தத் தொட்டிய நான் அடைச்சுத் தர்றேன். பத்து நாள் போதும்."

கொமாந்தான் என்றால் கோட்டைத் துரை. தெவிலார் என்று பேராம், மீசையை மெழுகு போட்டு முறுக்கி வைத்திருப்பாராம். அவர் சிரித்தாராம்.

"பாரீசிலிருந்து இஞ்சினியர் வந்து பார்த்து முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். கரும்பு வெட்ட வந்தவன் அடைப்பானா? எதை வச்சு அடைப்பான்?"

"கிளிஞ்சல் சுண்ணாம்பு, ஓட்டுத் தூள், வெல்லம்."

"வெல்லமா? சுவத்தத் திங்கப் போறானா, பூசப் போறானா?"

"பூசினதுக்கு அப்புறம் அவரே நாக்கால நக்கிப் பாக்கட்டும்னு சொல்லுங்க."

துபாஷி அதை அப்படியே சொல்லவில்லையாம். வேறு ஏதோ பணிவாகச் சொல்லியிருக்கிறார். கொமாந்தானுக்கும் தண்ணி வேண்டுமே. உடைந்த ஓடுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம், சூளைக்கு விறகாக உளுத்துப்போன பீரங்கி வண்டிகளையும் கொடுத்தாராம். சண்டை பார்க்காத பீரங்கிகள் தரையில் உட்கார்ந்தன.

கிளிஞ்சலுக்கும் வெல்லத்துக்கும் எங்கே போவது? கோட்டையின் கீழ்ச்சுவர் ஓரிடத்தில் தாழ்வாக இருக்கும். அதற்குக் கீழே ஒரு பாதை, பாதை ஓரத்தில் ஒரு குடிசை. குடிசையில் ஒரு கறுப்பினத்து அம்மா. க்ளோதில்த் என்று பேர், ஊரில் எல்லோரும் மான் க்ளோதில்த் என்பார்களாம், நாம் பெரியம்மா என்கிற மாதிரி. கரும்புப் பாகை மிடாவில் வைத்து மீனவர்களுக்கு விற்கிறவள். கடலோரத்தில் மீனவர் தின்று போட்ட சங்கு மலை மாதிரி குவிந்து கிடக்கும், கிளிஞ்சல் மாதிரி அதைச் சுட்டாலும் சுண்ணாம்புதான். எல்லாம் அவள் வாசலில்தான் இருக்கிறது. ஆனால் அவள் கோட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாளாம்.

துபாஷி சுவரில் ஏறிக் கூப்பிட்டாராம். "அம்மா, கொஞ்சம் பாகு வேணும். கோட்டைத் தொட்டியப் பூசறதுக்கு."

அவள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாளாம். "கோட்டைக்கா? எங்கப்பன் முதுகுத் தோலு அந்தச் சுவத்துல இருக்கு. தோலத் தின்னது போதாம இப்ப இனிப்பு வேற கேக்குதா? போடா, போ!"

துபாஷி இறங்கி வந்து, "வையறா கொத்தனாரே, நல்லா வையறா" என்றாராம்.

உத்திராபதி உள்ளே போய்ச் செங்கமலத்தைத் தூக்கி வந்து, சுவர்மேல் உட்கார்ந்து மடியில் கிடத்திக்கொண்டாராம். கீழே இருந்தவள் பார்த்தாளாம். ஒட்டின கன்னத்தைப் பார்த்தாளாம், வெடித்த உதட்டைப் பார்த்தாளாம். பார்த்துவிட்டு, மறுபடி சுவரில் ஏறிய துபாஷியிடம் கேட்டாளாம்.

"அந்தத் தண்ணிய யாரு குடிக்கப் போறா?"

"இவ. இவள மாதிரி இருநூறு பேரு."

"அவங்க சிப்பாயா?"

"இல்லம்மா. கரும்பு வெட்ட வந்தவங்க."

"எங்கள அடிச்சு வெட்ட வச்சாங்க. உங்கள ஏமாத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்க." காறித் துப்பினாளாம். "சரி, தர்றேன். ஆனா ஒரு பேச்சு. அந்தத் தொட்டியக் குடைஞ்சது எங்கப்பன். அதுலேருந்து ஒரு வாய் குடிக்காமலே செத்தான். தண்ணி நின்னா, முதல் குடம் கோட்டைக்குள்ள யாரு வாயிலயும் படக்கூடாது. துரை வாயில படக்கூடாது, உங்க வாயிலயும் படக்கூடாது. வெளியில நிக்கிற என் கைக்கு வரணும். உன் ஆளு சத்தியம் பண்ணுவானா?"

உத்திராபதி மடியில் கிடந்த பெண்டாட்டி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாராம்.

அன்று சாயங்காலத்துக்குள் கூடை கூடையாகச் சங்கு கயிற்றில் ஏறியதாம். நான்கு மிடா பாகும் ஏறியது. மீனவர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்து கட்டிவிட்டார்களாம். சங்கைச் சுட்டார்கள். சுட்ட சங்கு நீறிப் பொடியாக வேண்டும், நீறுவதற்குத் தண்ணி வேண்டும். உப்புத்தண்ணி ஆகாது. நல்ல தண்ணி எங்கே இருக்கிறது? ஆளாளுக்குக் கிடைக்கிற கொட்டாங்கச்சியில்தான் இருக்கிறது.

உத்திராபதி முற்றத்தில் நின்று கும்பிட்டுக் கேட்டாராம். "தினம் ஆளுக்கு ஒரு வாய் குடுங்க. மழை வந்தா வயிறு நெறையக் குடிக்கலாம்."

கொடுத்தார்கள். தாகத்தில் செத்துக்கொண்டிருந்தவர்கள் கொடுத்தார்கள். அந்த நாற்பது நாளில் முப்பத்தொரு பேர் செத்தார்கள், சம்பந்தி. அதில் கொடுத்துவிட்டுச் செத்தவர்களும் உண்டு. அவர்கள் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

சுண்ணாம்பு நீறியது. ஓட்டுத் தூளோடு உலக்கை போட்டு இடித்தார்கள். உத்திராபதி பாகை அளந்து ஊற்றினாராம். பூசினாராம். ஒரு நாள் ஆயிற்று, இறுகவில்லை. இரண்டு நாள், இறுகவில்லை. மூன்றாம் நாள் இறங்கிப் பார்த்தால் சுவரெல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறது, தரையிலிருந்து உச்சிவரை செவ்வெறும்பு ஊர்கிறது.

எங்கே தப்பு? ஊரில் பனைவெல்லம். கட்டியாக இருக்கும், கரைத்து ஊற்றுவது பழக்கம். உத்திராபதி கை அந்த ஊர் அளவிலேயே ஊற்றிவிட்டது. இந்தப் பாகோ கரும்புப் பாகு, வடிகட்டின இனிப்பு. இனிப்பு மிஞ்சினால் சுண்ணாம்பு உறையாது. பெரிய கொத்தனார் என்று பேர் வாங்கினவர் சித்தாள் செய்கிற தப்பைச் செய்துவிட்டார். இருநூறு பேர் வாய்த் தண்ணி எறும்புக்குப் போய்விட்டது.

சொக்கி என்று ஒருத்தி இருந்தாளாம், திருநள்ளாற்றுப் பக்கத்துக்காரி, வாய் நீளம். தொட்டி வாயில் குனிந்து கத்தினாளாம்.

"கொத்தனாரே! எறும்புக்குப் பொங்கல் வச்சீரா? எங்களுக்கும் ஒரு கரண்டி போடும்!"

யாரோ சிரித்தார்களாம். யாரோ அழுதார்களாம். கொமாந்தான் மீசையை முறுக்கிக்கொண்டு, "இஞ்சினியர் எழுதிக் குடுத்தது சரிதான்" என்று போய்விட்டாராம். கோட்டை பெரியது, குடம் காலி.

உத்திராபதி தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாராம். மேலே வந்தால் முகம் காட்ட வேண்டுமே. வெகுநேரம் கழித்து எழுந்து, தானே பூசியதைத் தானே சுரண்ட ஆரம்பித்தாராம். சுரண்டி எடுத்ததைக் கூடையில் வாரி, மீதி இருந்த சுண்ணாம்பை அதோடு சேர்த்தாராம். இந்தத் தடவை பாகை ஒரு கொட்டாங்கச்சிக்குமேல் விடவில்லை. ஆனால் குழைக்க மறுபடி தண்ணி வேண்டும். கேட்க வாய் வரவில்லை. கொட்டாங்கச்சியை முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றாராம்.

ஒருத்தரும் அசையவில்லை.

சொக்கிதான் எழுந்து வந்தாளாம். தன் பங்கு முழுவதையும் அதில் ஊற்றினாளாம். "இந்தா. இந்தத் தடவையும் எறும்பு வந்துது, உன்னையே இடிச்சுக் கரைச்சுச் சுவத்துல பூசிடுவேன்."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள்.

என் பரம்பரையில் சொக்கிக்கு வாரிசு யாரும் இல்லை. அவள் எங்கே போனாள், எந்தக் கரும்புக் காட்டில் இருந்தாள், ஒன்றும் தெரியாது. அவள் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அதை மட்டும் மறக்க மாட்டேன்.

பூசினார்கள். கூழாங்கல்லை வைத்துத் தேய்த்தார்கள், பகல் முழுக்கத் தேய்த்தார்கள். இரண்டாம் நாள் உத்திராபதி நகத்தால் கீறிப் பார்த்தாராம். நகம்தான் தேய்ந்தது. நான்காம் நாள் மத்தியானம் கிழக்கே இருந்த மேகம் முழுவதும் கோட்டைமேல் வந்து நின்றதாம். கொட்டியது பாருங்கள், ஒரு நாழிகைக்கு ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்கவில்லை. ஆனால் மழைத்தண்ணியை யாரும் ஏந்திக் குடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஏந்தினார்கள், நக்கினார்கள், துணியைப் பிழிந்தார்கள். அது அந்த நேரத்துக்கு. மழை விட்டதும் வெயில் வந்தது, தாகமும் வந்தது. எல்லோரும் தொட்டி வாயைச் சுற்றி நின்றார்கள்.

உத்திராபதி ஒரு குச்சியை விட்டு, தண்ணி நின்ற இடத்தில் கோடு கிழித்தாராம். காத்திருந்தார்கள். மறுபடி விட்டுப் பார்த்தாராம். அதே கோடு. சொட்டு இறங்கவில்லை.

"நிக்குதுடியோய்!" என்று சொக்கி கத்தினாளாம்.

கொமாந்தான் வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தாராம். சிப்பாய்கள் வழி விலக்கினார்கள். உத்திராபதி முதல் குடத்தை மொண்டு எடுத்தார். கிண்ணம் நீண்டது. உத்திராபதி குடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாராம்.

"இது உங்களுக்கு இல்ல துரை. வெளியில குடுக்கணும். வாக்குக் குடுத்திருக்கேன்."

துபாஷி இந்தத் தடவை அப்படியே சொன்னாராம்.

"என் கோட்டை, என் தொட்டி" என்றாராம் துரை. ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினானாம்.

"கோட்டை உங்களுது. பாகு அவளுது. சுட்டீங்கன்னா குடம் உடையும். அப்பவும் முதல் குடம் உங்களுக்கு இல்ல."

இதெல்லாம் பெரிசில்லை, சம்பந்தி. நீட்டின துப்பாக்கியை விலக்கிக்கொண்டு நடந்தாராம், அதுவும் பெரிசில்லை. கீழ்ச்சுவருக்குப் போகிற வழியில்தான் செங்கமலம் கிடக்கிறாள். குடம் தளும்புகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாளாம். கையைக் கொஞ்சம் தூக்கினாளாம். ஒரு வாய் ஊற்றினால் யாருக்குத் தெரியும்? கீழே நிற்கிறவளுக்குத் தெரியவா போகிறது? உத்திராபதி கால் அங்கேயே நின்றுவிட்டதாம்.

செங்கமலம் தூக்கின கையைக் கீழே போட்டாளாம். "குடுத்துட்டு வாங்க," என்றாளாம். "சீக்கிரம் வாங்க."

ஓடினாராம் மனுஷன். குடத்தில் கயிறு கட்டிச் சுவருக்கு வெளியே இறக்கினாராம். மான் க்ளோதில்த் இரண்டு கையாலும் வாங்கினாளாம். இரண்டு விரலை நனைத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாளாம். பிறகு பாதை ஓரத்தில், கல் அடுக்கியிருந்த ஒரு மேட்டுக்குப் போனாளாம். அவள் அப்பனைப் புதைத்த இடம். அத்தனை தண்ணியையும் அந்த மண்ணில் ஊற்றினாளாம். சுவர்மேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்த நம்ம சனம் "ஐயோ" என்று கத்திவிட்டதாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, வெறும் குடத்தைக் கயிற்றில் கட்டி, "இப்பக் குடிங்க" என்றாளாம்.

இரண்டாவது குடம் செங்கமலத்துக்குத்தான். வழியில் நின்ற துரையே விலகிக்கொண்டாராம்.

அவள் பிழைத்தாள். ஆறு மாதம் கழித்துக் கரும்புக் காட்டில் பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளை என் தாத்தாவுக்கு அப்பா. ஐந்து வருஷக் காகிதம் பத்து வருஷமாக இழுத்து, கடைசியில் மூன்று பேரும் மணல்திட்டைக்குத் திரும்பி வந்தார்கள். கப்பல் ஏறுகிற அன்று மான் க்ளோதில்த் படகில் வந்து ஒரு சின்ன மிடாவில் பாகு கொடுத்து அனுப்பினாளாம். இன்றைக்கும் அந்தத் தீவில் கோட்டைத் தொட்டியைக் காட்டி, மலபார்க்காரன் தொட்டி என்பார்களாம். அந்தப் பக்கம் நம்ம ஆட்களுக்கு அப்படி ஒரு பேர். தொட்டி ஒழுகவில்லையாம். நான் பார்த்ததில்லை, கேள்விதான்.

மணல்திட்டைக்கு வந்து உத்திராபதி தன் வீட்டுக்கு ஆள் வைத்துக் கிணறு வெட்டினார். முதல் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய், தெருவில் நின்ற ஒட்டனிடம் கொடுத்தாராம். அந்தக் கிணற்றைத் தோண்டினவன் அவன்தான். அன்றிலிருந்து எங்கள் வகையறாவில் அதுதான் வழக்கம். கிணறு வெட்டினாலும், கைப்பம்பு போட்டாலும், மாடியில் தொட்டி கட்டினாலும், முதல் குடம் வீட்டார் வாயில் படாது. கட்டினவன் கைக்குப் போகும். அவன் தன்னைப் பெற்றவர்களை நினைத்து மண்ணில் ஊற்றுவான், பிறகு உள்ளே குடிப்பார்கள். அதற்குக் கோட்டைக்குடம் என்று பேர். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற பெண் அதைக் கேட்பாள். மறுக்காதீர்கள்.

ஒரு கறுப்பினத்து அம்மா, ஒரு வாயாடி, வாய்த் தண்ணியைக் கொடுத்த பேர் தெரியாத அத்தனை பேர். இவர்கள் கொடுத்த உயிரைத்தான் நான் எழுபத்து மூன்று வருஷமாக அனுபவிக்கிறேன். காலையில் முதல் சொம்பு தண்ணியை மொள்ளும்போது கை தானாகக் கும்பிடுகிறது.

வைரக்கண்ணு மூன்று வருஷம் முன்னால் மாடி வீடு கட்டினான். மேலே பெரிய தொட்டி. பூசினது நான்தான். வைகாசி வெயிலில் பதினோரு நாள், உள்ளே குனிந்தபடி. பூச்சு காய்ந்தது, மோட்டார் போட்டான், தண்ணி ஏறியது. நான் அவன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவன் நேரே குழாயைத் திறந்து குளித்தான்.

நல்ல தொட்டி, ஒழுகாது. குடம்தான் இன்னும் வரவில்லை.